நன்றாகப் பழகியிருந்த குட்டி, இப்போது மறுபடியும் வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது

லிந்தாங்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாய் வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதி) இருக்கிறோம். டெரஸ் வரிசையில் கடைசி வீடு. பின்பக்கம் ஒரு துண்டுப் புல்தரை, அப்புறம் கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். கணவருக்கு ஈப்போவில் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் நான், அம்மா, பள்ளி விட்டு வந்தால் பையன்.

கோப்பி எங்களிடம் வந்தபோது இரண்டு மாதக் குட்டி. லிந்தாங் போகும் சாலையில் ஓர் ஒட்டுக்கடைக்குப் பின்னால் பிறந்த நாட்டு நாய், பெட்டை. நாலு மாதம் முடிவதற்குள் சுத்தமாகப் பழகிவிட்டது. பின்கதவு கிரில்லை ஒரு தடவை சுரண்டும், திறந்தால் நேராகப் புல்லுக்குப் போகும், முடித்துவிட்டு வரும். அம்மாவே மெச்சிக்கொண்டார். அம்மா ஒரு நாயை மெச்சுவது சாதாரணம் இல்லை. ரப்பர் பால்வெட்டில் இருந்த காலம் முழுக்கத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர். அங்கே நாய் என்றால் அஞ்சடியோடு, வீட்டு முன்நடையோடு சரி. நிலைப்படி தாண்டி உள்ளே வரும் நாய் அவருடைய கணக்கிலேயே கிடையாது.

இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. தீபாவளி நெருங்கும்போது எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது. எங்கள் வரிசையில் பட்டாசு தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடும். கோப்பி கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது, அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டது. சரி, பயம், போகட்டும் என்று விட்டேன். ஆனால் பட்டாசு ஓய்ந்த பிறகும் நிற்கவில்லை. சாமி மேடைக்கு முன்னால் விரித்திருக்கும் பாயில் போகிறது. குளியலறை வாசலில் போகிறது. அண்ணன் வீட்டுக்கு வந்தால் போதும், வாசலிலேயே சிறு குளம். அண்ணனுக்குக் குரல் பெரிது, ஆளும் பெரிது.

மழை வேறு. இந்த மாதங்களில் எங்கள் பக்கம் மதியம் தாண்டினால் வானம் கருத்துவிடும். இடி விழுந்தால் கோப்பி பின்கதவுப் பக்கமே வராது. குடை பிடித்துக்கொண்டு நான் புல்லில் நிற்கிறேன், அது கதவருகில் நின்று என்னை வேடிக்கை பார்க்கிறது. உள்ளே வந்து கதவைச் சாத்தினால் நேராகப் பாய்.

அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரை துடைக்கிறார் என்று கேட்காதீர்கள். 'செராய் வாங்கி' என்று இங்கே சொல்லும் வாசனைப் புல் தைலம் கலந்த திரவம், அதோடு கிளோராக்ஸ் பிளீச். வீடு முழுக்க அந்த வாடைதான். அப்படியும் மறுநாள் அதே இடத்தில்தான் போகிறது. "சாமிக்கு முன்னால போற நாயை வீட்ல வச்சிக்கக் கூடாது" என்கிறார். தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்துவிட்டது. பையன் அதைக் கேட்டுவிட்டு இரவு சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டில் மலாய்க்காரக் குடும்பம். அந்த வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை மாதிரி) ரொம்ப நல்லவர், இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே நான் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. முன்பக்கம் கழுவும் தண்ணீர் அவர்கள் போர்ச் பக்கம் ஓடக் கூடாது என்று வாளியில் அள்ளிப் பின்னால்தான் கொட்டுகிறேன்.

பழகிய நாய் ஏன் இப்படி மறக்கிறது? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? அடிக்கச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை.

மோட்டார் மணி:

சிஸ்டர், இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. போன இடத்தில் மூக்கை வைத்துத் தேயுங்கள், செருப்பால் ஒரு தட்டு தட்டுங்கள், அப்படியே வெளியே கொண்டுபோய் விடுங்கள். இரண்டு தடவை செய்தால் போதும். எங்கள் அப்பா காலத்து நாய்கள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன.

கங்காணி பேரன்:

மணி, உங்கள் அப்பா காலத்து நாய்கள் வீட்டுக்குள்ளேயே வந்ததில்லை, அப்புறம் எங்கே பழக்குவது? மூக்கைத் தேய்த்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனுஷன் பார்க்கும்போது போகக் கூடாது. அதற்கப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும். நீங்கள் கூடவே போய் நின்றால் புல்லில்கூடப் போகாது.

அக்கா, நான் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்ப்பவன், அதனால் வேறு ஒரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் நிறத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை என்கிறீர்கள். பழக் குலையை எலி தின்னும், அதற்காக மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி எலிமருந்து போடுவார்கள். எல்லாத் தோட்டத்திலும் ஆந்தைப் பெட்டி வைத்து ஆந்தையை மட்டும் நம்பி இருப்பதில்லை. குட்டி கால்வாயைத் தாண்டிப் போகிறதா? அந்த மருந்து இரத்தத்தை உறைய விடாது. தின்று சில நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுத்துப்போகும், நாய் சோர்ந்து படுத்துவிடும், சிறுநீரில் இரத்தம் வரலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றிவிடுவார்கள்.

உண்ணிக் காய்ச்சலும் உண்டு. உண்ணி கடித்து வரும் ஒரு வகையில் சிறுநீர் பால் இல்லாத தேத்தண்ணி நிறத்தில் போகும், காய்ச்சலும் அடிக்கும். காது மடலுக்கு உள்ளே, கால்விரல் இடுக்கில் தடவிப் பாருங்கள்.

நிறம் சாதாரண மஞ்சள்தான், குட்டி துள்ளிக்கொண்டு இருக்கிறது என்றால் இதையெல்லாம் விட்டுவிடலாம். இன்னொன்று, இருட்டில் பின்னால் கூட்டிப் போனால் டார்ச்சோடு போங்கள். எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும். கால்வாய் ஓரம் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள்.

கிளினிக் அக்கா:

தங்கச்சி, நான் ஈப்போவில் ஒரு பிராணி கிளினிக்கில் பல வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வியோடு கவுண்டருக்கு வருபவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். "மறந்துவிட்டது" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் பதிலுக்கு ஈரத்தைப் பற்றித்தான் கேட்போம். எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இது ஒரே பிரச்சினை மாதிரித் தெரியவில்லை. பாயில் போவது வேறு, அண்ணன் வந்தால் போவது வேறு. குளியலறை வாசலில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

அதனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். குளியலறை வாசலில் போகும்போது குந்தி எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு வருகிறது? போன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் குந்துகிறதா? பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? தூங்கி எழுந்த இடம் நனைந்திருக்கிறதா? குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆகிவிட்டதா? இல்லையென்றால் பின்பக்கம் வீங்கியிருக்கிறதா, கேட்டுக்கு வெளியே புது ஆண் நாய்கள் வந்து நிற்கின்றனவா?

தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். பலர் முதலில் செய்வது அதுதான்.

லிந்தாங்காரி:

நன்றி அக்கா, நன்றி தம்பி. நேற்றும் இன்றும் வேலையை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறம் மஞ்சள்தான், கொஞ்சம் கலங்கல். ஈறு நல்ல சிவப்பு. உண்ணி ஒன்றிரண்டு இருந்தது, எடுத்துவிட்டேன். சாப்பாட்டில் குறை இல்லை. கால்வாய்ப் பக்கம் வலை கட்டியிருக்கிறோம், தாண்டாது.

குளியலறை வாசலில்தான் எனக்கு ஆச்சரியம். அங்கே தரையில் கால்மிதி, அதன் மேல் குந்துகிறது, ரொம்ப நேரம் குந்துகிறது. முதுகு வளைந்து, வால் விறைத்து, முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. எழுந்ததும் பார்த்தால் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். இரண்டு அடி நடந்து மறுபடியும் குந்துகிறது. அப்போது இன்னும் கொஞ்சம். பிறகு உட்கார்ந்து நக்கத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நாக்கு படும் சத்தம் சமையலறைக்குக் கேட்கிறது. அம்மா அதைச் சேட்டை என்று நினைத்திருக்கிறார்.

பாயில் போவது அப்படி இல்லை. அது நல்ல தாராளமான குளம்.

தண்ணீர் வழக்கம்போலத்தான். படுக்கும் துணி காய்ந்தே இருக்கிறது. ஆபரேஷன் இன்னும் செய்யவில்லை, ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது. வீக்கம் தெரியவில்லை. கேட்டில் எப்போதும் நிற்கும் கருப்பன் ஒருவன்தான், அவன் சோற்றுக்கு வருபவன்.

கிளினிக் அக்கா:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஐம்பது காசு வட்டமும் நக்குவதும் போதும், நாளைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். அடிக்கடி குந்துவது, முக்குவது, கொஞ்சமாக வருவது, நக்குவது, இதெல்லாம் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பாதைத் தொற்று. பெட்டைகளுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். அந்த எரிச்சலில் கிரில்லைச் சுரண்டி, நீங்கள் வந்து திறக்கும் வரை அதனால் அடக்க முடியாது. அதைப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது தங்கச்சி. நோய் தீரும் வரை நீங்கள் என்ன பழக்கினாலும் வீண்தான். குந்தி முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் நாளை வரைக்கும்கூட வைக்காதீர்கள்.

முதல் பருவம் வரும் வயதும் இதுதான். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். அதற்கு முன்னாலும் அந்தச் சமயத்திலும் அடிக்கடி, அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கருப்பனோடு இன்னும் நாலு பேர் வந்து நின்றால் தெரிந்துகொள்ளுங்கள். எதுவானாலும் டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடும்.

போகும்போது சிறுநீர் கொண்டுபோனால் நல்லது. பழைய சூப் கரண்டி ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றிக் காயவையுங்கள். காலையில் முதல் தடவை புல்லுக்குப் போகும்போது கயிற்றில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். குந்தின உடனே கரண்டியை நீட்டாதீர்கள், பயந்து எழுந்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு பக்கவாட்டிலிருந்து மெதுவாக நீட்டுங்கள். கொஞ்சம் கிடைத்தால் போதும். மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தானே. உடனே போக முடியாவிட்டால் ஐஸ்பெட்டியில் வையுங்கள், அம்மாவுக்குத் தெரியாமல். கரண்டி கிடைக்கவில்லை, குட்டி ஒத்துழைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, டாக்டர் ஊசியால் எடுத்துக்கொள்வார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அதுதான் சுத்தமானதும்கூட.

இப்போது அண்ணன் விஷயம். அவர் வரும்போது காது பின்னால் போய், உடம்பு தாழ்ந்து, சில சமயம் மல்லாந்தும் போகும், அப்படித்தானே? அது அடங்கிப்போகும் குட்டி செய்வது. "நீங்கள் பெரியவர், என்னை ஒன்றும் செய்யாதீர்கள்" என்று நாய் சொல்லும் மரியாதை அது. அடக்கத் தெரியாததால் வருவது இல்லை. திட்டினால் இன்னும் அதிகம் வரும், ஏனென்றால் இன்னும் பணிய வேண்டும் என்று நினைக்கும். அண்ணனிடம் சொல்லுங்கள்: வந்ததும் குட்டியைப் பார்க்காமல், கூப்பிடாமல் நேராக உள்ளே போய் உட்காரட்டும். அது தானாக வந்து மோந்தால் குனிந்து தலைக்கு மேல் கை வைக்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து மோவாய்க்கு அடியில் தடவட்டும். சந்திப்பே போர்ச்சில் நடந்தால் துடைப்பதும் சுலபம். பெரும்பாலும் வயது ஏற ஏற தானே நின்றுவிடும்.

மிச்சம் இருப்பது அந்தப் பாய். அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் செராய் வாங்கி நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய்க்கு அந்த வாடைக்கு அடியில் தன்னுடைய வாடை தெளிவாகத் தெரியும். சிறுநீரில் இருப்பது காய்ந்து அங்கேயே தங்கிவிடும், வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. நம் ஊர் ஈரக் காற்றில் மறுபடியும் வாடை கிளம்பும். அதை உடைப்பதற்கு என்சைம் கலந்த திரவம் வேண்டும், பிராணிக் கடைகளில் கிடைக்கும், ஷாப்பி ஆன்லைன் கடையிலும் கிடைக்கும். முதலில் பழைய துணியை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். பிறகு திரவத்தை நன்றாக ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, தானாகக் காய விடுங்கள். பலர் தெளித்த கையோடு துடைத்துவிடுவார்கள், அப்புறம் மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள்.

கிளோராக்ஸ் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சிறுநீர் மேல் நேரடியாக ஊற்றினால் அதில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் புகை வரும். யாராவது வினிகர் ஊற்றச் சொன்னார்கள் என்று அதையும் கிளோராக்ஸோடு கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், குளியலறை மாதிரி சின்ன இடத்தில் ஆபத்து. அதோடு கிளோராக்ஸ் பட்ட இடத்தில் என்சைம் செத்துவிடும். ஏற்கெனவே ஊற்றிய இடங்களை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் என்சைம்.

எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கடைகளில் நோட்டு பார்க்கும் ஊதா டார்ச் இருக்கிறதே, அதை இரவல் வாங்கி இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். உங்களுக்குத் தெரியாத ஓரிரண்டு இடமாவது இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், நான் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்த்தால் வாளியைக் கீழே வைத்துவிடுவார்.

ரவாங் ராணி:

மழை விஷயத்துக்கு மட்டும் என் பங்கு. எங்கள் வீட்டில் இரண்டு நாய், இரண்டும் மழை என்றால் காலை வைக்காது. நாற்றுப் பண்ணையில் பத்தையாக விற்கும் புல்லை வாங்கி, பெரிய பிளாஸ்டிக் தட்டில் பரப்பிப் பின்கதவுக்கு வெளியே கூரை இறக்கும் இடத்தில் வைத்தேன். காய்ந்த நாளிலேயே அதில் பழக்க வேண்டும். மழை பிடித்த பிறகு அறிமுகப்படுத்தினால் அதையும் மழையாகவே நினைத்துக்கொள்ளும். முதலில் அதன் சிறுநீரில் நனைத்த துணியைப் புல்லில் ஒற்றிவிட்டால் சீக்கிரம் புரியும். புல் சில வாரத்தில் மஞ்சளாகிவிடும், மாற்ற வேண்டியதுதான்.

கூரை தகரமா? எங்களுடையது தகரம், மழைச் சத்தமே நாய்க்குப் பட்டாசு மாதிரி. அந்த இடத்தில் மட்டும் தகரத்துக்கு மேல் பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக் கட்டியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அப்புறம் இன்னொன்று, மழைக்கு முன்னால் கூட்டிப்போய்விடுங்கள். உங்கள் பக்கம்தான் மூன்று மணிக்கு மலைப் பக்கம் பார்த்தாலே தெரிந்துவிடுமே.

மோட்டார் மணி:

நோய் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாவம் குட்டி. ஆனால் சிஸ்டர், சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினால் அங்கே சங்கிலியில்தான் கட்டிப் போடுவார்கள், அதையும் யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நாய், பகல் முழுக்கக் குரைத்துக்கொண்டே இருக்கும். 2015-ல் பிராணிகள் நலச் சட்டம் வந்த பிறகு நிலவரம் மாறும் என்றார்கள். தோட்டத்தில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

லிந்தாங்காரி:

போய் வந்துவிட்டோம். கணவர் ஷிப்ட் முடிந்து தூங்காமலே காரை எடுத்தார். கரண்டி வேலை செய்தது அக்கா. அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கரண்டி இனிமேல் சமையலறைக்குள் வரக் கூடாது என்று தனியாக எடுத்து மாட்டிவிட்டார்.

தொற்றுதான். டாக்டர் சோதனைப் பட்டை ஒன்றைச் சிறுநீரில் முக்கிப் பார்த்தார், பிறகு ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார், எந்தக் கிருமி என்று தெரிய மிச்சத்தை லேபுக்கு அனுப்பியிருக்கிறார். பெண் குறியைச் சுற்றித் தோல் மடிந்து உள்வாங்கியிருப்பதால் ஈரம் தங்குகிறது, சுத்தமான ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள் என்றார். ஆபரேஷனுக்கு இப்போது அவசரப்படாதீர்கள், முதல் பருவம் கழித்துச் செய்தால் அந்த மடிப்பு கொஞ்சம் சரியாகலாம் என்றும் சொன்னார்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து குளியலறை வாசல் குறைந்துவிட்டது. அண்ணன் நேற்று வந்தார். தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகச் சொன்னால், அவர் தலையை மட்டும் திருப்பிக்கொண்டு "கோப்பி எங்கடா?" என்று அதே குரலில் கத்தினார். போர்ச்சில் குளம். அவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

ஊதா டார்ச் பையனுக்குத் திருவிழா. கட்டில் கால், செருப்பு ஸ்டாண்ட், அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் என்று வரிசையாகக் கண்டுபிடித்தான். தையல் மெஷின் இடத்தைப் பார்த்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அந்த என்சைம் மருந்து எவ்வளவு வெள்ளி?" என்று கேட்டார்.

இப்போது பாயில் போவது மட்டும் பாக்கி. சாமி மேடைக்கு முன்னால் மட்டும்தான் போகிறது, அதுவும் நான் பார்க்காத நேரத்தில். மருந்து ஊற்றி ஊறவிட்டேன், அப்படியும் மறுநாள் ஒரு தடவை. பாய் கோரைப்பாய், அம்மா தைப்பூசத்துக்குப் போனபோது வாங்கி வந்தது. என்ன செய்யலாம்?

கிளினிக் அக்கா:

தொற்று என்று தெரிந்ததே நிம்மதி. மாத்திரையைச் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். பாதியில் குட்டி நன்றாகத்தான் தெரியும், அங்கே நிறுத்தினால் திரும்பி வரும், அடுத்த தடவை அதே மருந்து கேட்காது. லேப் முடிவு வந்ததும் மருந்து சரிதானா என்று கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேளுங்கள்.

பாயைப் பொறுத்தவரை, கோரைக்குள் இறங்கியது வெளியே வராது. பின்னலுக்கு நடுவில் ஊறிப்போயிருக்கும், அதற்குக் கீழே சிமெண்ட் என்றால் அதுவும் குடித்திருக்கும். அதோடு குட்டிக்குக் காலுக்கு அடியில் கொஞ்சம் மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சும்படி எது இருந்தாலும் அது புல்தான். கால்மிதியில் போவதும் அதனால்தான். இப்போதைக்குப் பாயையும் கால்மிதியையும் சுருட்டி எடுத்துவிடுங்கள். சிமெண்டுக்கு மட்டும் என்சைம் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக்கால் மூடி, ஒரு ராத்திரி காயாமல் ஊறவிடுங்கள். அம்மா கும்பிடும்போது ஒரு மணையைப் போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம்.

அடுத்து, நீங்கள் பார்க்காத நேரம் என்பதே இல்லாமல் செய்ய வேண்டும். கொஞ்ச நாளைக்கு அதை இரண்டு மாதக் குட்டியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். முடியாத நேரத்தில் கூண்டு, அல்லது சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கேட்காமலே வெளியே. எவ்வளவு நேரம் தாங்கும் என்றால், மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மணி நேரம் என்று எங்கள் பக்கம் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தூங்கும் குட்டிக்கு. ஓடி ஆடும் குட்டிக்கு, அதுவும் தொற்றிலிருந்து தேறும் குட்டிக்கு, அந்தக் கணக்கில் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

வெளியே போனதும் நீங்களும் கூடவே நில்லுங்கள். முடித்த உடனே, அந்தப் புல்லிலேயே, வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு வாயில். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். முடித்த கையோடு உள்ளே இழுத்துவராதீர்கள், கொஞ்சம் புல்லை மோந்து திரியட்டும். போனால் உடனே உள்ளே போக வேண்டும் என்று புரிந்துவிட்டால், வெளியே இருக்கும் ஆசையில் அடக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே வந்ததும் விடும். நீங்கள் குடையோடு நின்றபோது நடந்ததில் பாதி மழை, பாதி இது என்று நினைக்கிறேன்.

தைப்பூசத்துப் பாயை எறிய அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும். வெயில் அடிக்கும் நாளில் என்சைமில் நனைத்துக் கொடியில் போட்டு, கோப்பி எட்டாத இடத்தில் மேலே சொருகி வையுங்கள். மறுபடி விரிக்கும் முன் ஊதா டார்ச்சைப் பையன் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒளிர்ந்தால் இன்னொரு தடவை நனையுங்கள்.

லிந்தாங்காரி:

சரி அக்கா. பாயைச் சுருட்டிவிட்டேன், மணை அம்மாவே எடுத்துப் போட்டுக்கொண்டார். கயிறு இடுப்பில்தான் இருக்கிறது, இதைத் தட்டும்போதுகூட. ஒரு சின்னக் கேள்வி: ஈரலை உப்பில்லாமல்தானே வேகவைக்க வேண்டும்? பையனும் தனக்கு ஒரு பங்கு கேட்கிறான்.

கிளினிக் அக்கா:

உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல். நகக்கண் அளவு துண்டு போதும், அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும், அப்புறம் வேறு வகையாகத் துடைக்க வேண்டிவரும். பையன் பங்குக்குத் தனியாக மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிக் கொடுங்கள்.